இடையில் நிற்பவனின் நியாயம்

பொருளைச் செய்பவன் ஒருவன். அதனைப் பயன்படுத்துபவன் மற்றொருவன். இவ்விருவருக்கும் நடுவே நின்று, ஒருவனிடம் வாங்கி மற்றவனிடம் விற்று, அந்த இடைவெளியிலேயே தன் அடுப்பை எரிக்கும் மூன்றாமவன் சமுதாயத்துக்கு வேண்டியவனா, வேண்டாதவனா? கேள்வி பழையது. ஆயினும் சப்ரகமுவைத் தோட்டங்களை ஒட்டிய சிறு நகரங்களிலே அது இன்று புதிய வேகத்தோடு எழுந்து நிற்கிறது. அதை எழுப்பியவர் தத்துவ ஆசிரியர் எவருமல்லர். மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்துப் பிழைக்கும் சாதாரண மனிதர்கள்.

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை வழியாகப் பலாங்கொடைக்குச் செல்லும் பாதையிலும், அவிசாவளையிலிருந்து தெஹியோவிட்டை, யட்டியாந்தோட்டை என்று கேகாலை மாவட்டத்துக்குள் ஏறும் பாதையிலும் இத்தகைய கடைகளை நாம் காணலாம். பத்தடி அகலம், முன்னால் தொங்கும் டயர்களும் கேபிள்களும், உள்ளே கூரை வரை அடுக்கிய அட்டைப் பெட்டிகள், மேசைமேல் எண்ணெய் படிந்த கணக்குக் கொப்பி. தோட்டத்து முச்சக்கரவண்டிக்குப் பிரேக் ஷூவும், கொழுந்து ஏற்றும் லொறிக்குப் பேரிங்கும், இளைஞரின் மோட்டார் சைக்கிளுக்குச் சங்கிலியும் இங்கேதான் கிடைக்கும். பந்தயப் பித்துப் பிடித்த பிள்ளைகளும் இங்கே வருவதுண்டு. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் இராணுவத்தினர் 1993 முதல் நடத்திவந்த பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்து, தம் பழைய வண்டிக்கும் பெரிய பிஸ்டனும் வேறு பல்சக்கரமும் பூட்ட வேண்டுமென்று நிற்பவர்கள் அவர்கள். 2024 ஏப்ரல் 21இல் அதே மைதானத்தில் பந்தயக் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பாய்ந்ததில் ஏழு உயிர்கள் போயின. அந்தச் செய்தியைச் சொல்லி, “தம்பி, மலைப்பாதை பந்தயத் தரையல்ல, முதலில் பிரேக்கைப் பார்” என்று அறிவுரை கூறி அனுப்பும் கடைக்காரர்களும் உள்ளனர். விற்காமல் அனுப்பிய பொருளுக்கு இலாபம் எந்தக் கொப்பியிலும் ஏறுவதில்லை.

இன்று இக்கடைகளின் நிலை என்ன? உற்பத்தியாளர்களும் அவர்களின் ஏக முகவர்களும் கடைக்காரரைத் தாண்டி வண்டிக்காரனிடம் நேரே விற்கத் தொடங்கிவிட்டனர். பெருநகரங்களில் சொந்தக் கிளைகள், கைபேசியில் விலைப்பட்டியல், பணம் கட்டினால் தோட்டத்து வாசல்வரை பொதி வந்து சேரும் ஏற்பாடு. தமக்குத் தரப்படும் மொத்த விலைக்கும் அங்கே அறிவிக்கப்படும் சில்லறை விலைக்கும் இடையே ஒரு குடும்பம் வாழ்வதற்கு இடமில்லை என்பது கடைக்காரரின் முறைப்பாடு. இதனை வெறும் வியாபாரப் போட்டி என்று ஒதுக்கிவிடலாமா? அல்லது இதற்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறதா? இருக்கிறது என்பதே நம் கருத்து. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன், எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு வலிமையோடு நாம் கேட்க வேண்டும்.

அந்த வாதம் எளியது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய சம்பளத்தில் பிறந்து, கடன்பட்டு ஒரு முச்சக்கரவண்டி வாங்கிய மகனுக்கு, ஒரு கிளட்ச் பிளேட்டில் மிஞ்சும் சில நூறு ரூபாவும் பெரும் பணமே. அந்தப் பணம் குழந்தையின் பாடப்புத்தகமாகலாம், தாயின் மருந்தாகலாம். கடைக்காரன் வாழ வேண்டுமென்பதற்காக அவனைவிட ஏழையானவன் கூடிய விலை கொடுக்க வேண்டுமென்பது எந்த அறம்?

இவ்வாதத்துக்கு நம் வரலாறும் துணை நிற்கிறது. மலையகத் தமிழனைப்போல் இடைநின்றவரால் வதைபட்டவர் மிகச் சிலரே. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே கங்காணி நின்றான். ஆளைக் கூட்டிவந்ததற்கு ஒரு காசு. அவர் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. கொடுத்த முற்பணத்துக்கு வட்டி. கடனைத் தீர்த்தாலொழிய வேறு தோட்டத்துக்குப் போகவொண்ணாதபடி அவனைக் கட்டிவைத்த துண்டு முறை, 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, ஒரு மனிதனின் கால்களையே கடன்சீட்டாக்கி வைத்திருந்தது. இந்த நினைவை இரத்தத்தில் சுமப்பவர்க்கு, ‘நடுவிலுள்ளவன் ஒழிந்தான்’ என்னும் சொல் இனிக்கத்தான் செய்யும். முற்போக்குச் சிந்தனையுடைய எவரும் தரகனுக்காகக் கண்ணீர் வடிக்கக் கூசுவர். அக்கூச்சம் நமக்கும் உண்டு.

ஆனால் அதே வரலாற்றின் மறுபக்கத்தையும் புரட்டிப் பார்ப்போம். தோட்டத்திலே அரிசியைத் தொழிலாளிக்கு விற்றவர் யார்? பல காலம் தோட்ட நிருவாகமே கொடுத்தது, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. அங்கே தரகன் இல்லை. முதலாளியின் களஞ்சியத்திலிருந்து தொழிலாளியின் முறத்துக்கு அரிசி நேரே வந்தது. அதனால் அவன் விடுதலை பெற்றானா? அரிசி கல்லும் புழுவுமாக இருந்தால் முறையிடுவதற்கும் அதே துரை. கணக்குப் பிழைத்தால் கேட்பதற்கும் அதே துரை. கோபித்துக்கொண்டு வேறிடம் வாங்கலாமென்றால், சம்பள நாளில் கையில் காசு இல்லை. வேலை கொடுப்பவனும் சோறு விற்பவனும் ஒருவனே ஆனபோது, அந்த நேரான கையே கழுத்தைப் பிடிக்கும் கையும் ஆயிற்று. ஆகவே, இடைநின்றவன் நீங்கினால் சுரண்டலும் நீங்கிவிடும் என்பது நம் அனுபவம் தந்த பாடமன்று. யாரிடம் வாங்குவது என்ற தெரிவு நம்மிடம் இருக்கிறதா, கணக்கைத் தட்டிக் கேட்க இயலுமா என்பதே பாடம்.

நேர்விற்பனை யாவும் தீயது என்று நாம் சொல்ல வரவில்லை. சிங்கர் கம்பனி 1877இல் இலங்கையில் கால்வைத்தது. தன் தையல் இயந்திரங்களைத் தன் கடைகளிலேயே, தவணை முறையில் விற்றது. முழுப் பணத்தையும் ஒருசேரக் காணாத குடும்பங்களிலும் ஒரு பெண் இயந்திரத்தின் முன் அமர்ந்து உழைத்துத் தன் காலில் நிற்க அந்தத் தவணை வழிசெய்தது. ஆனால் கவனிக்க வேண்டும்: அது ஊருக்குள் கடை வைத்தது, ஆள் வைத்தது, கடன் கொடுத்தது, பழுது பார்த்தது. அதாவது, இடைநின்றவன் செய்யும் வேலைகளைத் தானே ஏற்றுக்கொண்டது. இன்றைய நேர்விற்பனையில் நாம் காணும் குறையோ வேறு. இடைநின்றவனின் இலாபத்தை அது எடுத்துக்கொள்கிறது; அவன் வேலையை மட்டும் எவர் தலையிலும் ஏற்றாமல் தெருவில் விட்டுவிடுகிறது.

அந்த வேலை யாது? ஒரு மாலைப் பொழுதில் கடையோரம் நின்று பார்த்தால் தெரியும். வண்டிக்காரன் ஒருவன் உடைந்த பாகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வருகிறான். அதன் பெயர் அவனுக்குத் தெரியாது; கடைக்காரனுக்குத் தெரியும். “இது உடைந்தது நோயின் அடையாளம், நோய் வேறிடத்தில்” என்று சொல்லி, விலை குறைந்த மற்றொரு பாகத்தைக் கொடுக்கிறான். பொருந்தாவிட்டால் நாளைக்கு மாற்றித் தருவான். கராஜிலிருந்து பாஸ் அனுப்பிய பையனுக்குத் தன் கருவியை இரவலாகக் கொடுக்கிறான். பத்தாந்திகதி சம்பளம் வரும்வரை கொப்பியில் எழுதிக்கொள்கிறான். 2003லும் 2017லும் களுகங்கை பெருகி இரத்தினபுரி நீரில் மூழ்கியதுபோன்ற காலங்களில், தன் சரக்கே சேற்றில் கிடக்க, வண்டி ஓடினால்தான் கடன் திரும்புமென்று மேலும் கடன் கொடுத்து வண்டியை ஓடவைப்பவனும் இவனே. அறிவு, நம்பிக்கை, தவணை, பொறுப்பு ஆகிய நான்கையும் ஒரு கிளட்ச் பிளேட்டின் விலைக்குள் ஒளித்து வைத்து இவன் விற்றுக்கொண்டிருந்தான். விலைப்பட்டியலில் கிளட்ச் பிளேட் மட்டுமே தெரிகிறது.

இதிலிருந்து ஒரு தீமை பிறக்கிறது. வண்டிக்காரன் கடைக்கு வந்து பாகத்தின் பெயரையும் அளவையும் கேட்டறிகிறான். பெட்டியைத் திறந்து கையில் எடுத்துப் பார்க்கிறான். வெளியே போய் நின்று கைபேசியில் உற்பத்தியாளரிடமே வாங்குகிறான். அறிவை ஒருவனிடம் பெற்றுக் காசை இன்னொருவனிடம் கொடுக்கிறான். இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் பந்தய வண்டிக்குரிய பாகங்களை விற்பதற்கென்றே சிறு கடைகள் தோன்றின. வேகப்பொருள் செய்தவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தது 1963இல். ஆரம்பத்தில் செய்பவர்களே கராஜில் நின்று உழைத்த சிறு மனிதர். அவர்களின் பொருளை ஊரூராக அறிமுகப்படுத்தி, எது எந்த இயந்திரத்துக்குப் பொருந்தும் என்று இளைஞர்க்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அக்கடைக்காரர்களே. பின்னர் தபால் விற்பனை வளர்ந்தது. அதன்பின் இணையவழி விற்பனை வந்தது. சந்தையை உழுது விதைத்தவன் ஒருவன். அறுவடைக்கு வந்தவன் வேறொருவன்.

இந்த வழக்கு வேறுருவில் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றதுண்டு. தன் பொருளை இன்ன விலைக்குக் குறைத்து விற்கலாகாது என்று உற்பத்தியாளன் கடைக்காரரைக் கட்டுப்படுத்துவது எவ்வகையிலும் சட்டவிரோதமே என்று 1911இல் அது தீர்ப்பளித்திருந்தது. 2007இல், தோற்பொருள் செய்யும் லீஜின் கம்பனியின் வழக்கில், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அந்தப் பழைய விதியைக் கைவிட்டது. காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று நாம் மேலே சொன்னதுதான்: விளக்கிச் சொல்லிச் செலவு செய்யும் கடைக்காரனின் உழைப்பை, ஒன்றும் செய்யாமல் விலை குறைப்பவன் இலவசமாக அனுபவிக்கிறான். நால்வர் மறுத்ததற்கும் நியாயம் உண்டு. அத்தகைய கட்டுப்பாடு ஏழை வாங்குவோனின் செலவைக் கூட்டும். அங்கேயும் இழுபறி தீரவில்லை. இந்தியாவிலும் 2021ஆம் ஆண்டு இறுதியில், அன்றாடப் பாவனைப் பொருள்களை ஊரூராகக் கொண்டு சேர்க்கும் விநியோகஸ்தர்கள், பெருநிறுவனங்களுக்கு ஒரு விலையும் தமக்கு ஒரு விலையுமா என்று உற்பத்தியாளரிடம் கேட்டுப் போர்க்கொடி உயர்த்தினர். கேள்வி எங்கும் ஒன்றே: கண்ணுக்குத் தெரியாத உழைப்புக்குக் கூலி கொடுப்பவர் யார்?

நமக்கு இக்கேள்வியை வாழ்க்கையே சோதித்துக் காட்டிற்று. 2020 மார்ச்சுக்குப் பின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். நடுவே 2022இல் அந்நியச் செலாவணி வறண்டு நாடே வரிசையில் நின்றது. நாட்டில் பதிவான 11 இலட்சத்துக்கு மேற்பட்ட முச்சக்கரவண்டிகள் புதியவற்றால் பதிலீடு செய்யப்படாமல் முதுமையடைந்தன. அக்காலத்தில் அவற்றை ஓடவைத்தவர் யார்? கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்களைத் தேடி எடுத்துவந்த கடைக்காரரும், ஒன்றைக் கடைந்து மற்றொன்றுக்குப் பொருத்திய பாஸ்மாருமே. பிரசவ வலியில் துடித்த பெண்ணை நள்ளிரவில் மலையிலிருந்து இறக்கிய வண்டியின் சக்கரத்தில் அவர்களின் உழைப்பும் சுழன்றது. அதே காலத்தில் சரக்கைப் பதுக்கி, நேற்றைய பொருளுக்கு நாளைய விலை சொன்ன கடைக்காரரும் இருந்தனர் என்பதை மறைக்கக்கூடாது. இடைநின்றவன் தேவன் அல்லன். பஞ்சத்தில் அவன் காப்பவனாகவும் இருக்கலாம், கழுகாகவும் இருக்கலாம். அவன் எதுவாகிறான் என்பது பெரும்பாலும் ஊர் அவனைத் தட்டிக் கேட்க முடிகிறதா என்பதைப் பொறுத்தது. ஊருக்குள் இருப்பவனைக் கேட்கலாம். திருமண வீட்டிலும் சாவு வீட்டிலும் அவன் நம் முகத்தைப் பார்த்தாக வேண்டும். கைபேசிக்குள் இருப்பவனுக்கு அந்தக் கடமை இல்லை.

மேலும் ஒரு செய்தி உண்டு; இது நம் மக்களுக்கே உரியது. 1948இல் குடியுரிமை இழந்து, தலைமுறை தலைமுறையாக லயத்துக்குள் அடைபட்ட சமுதாயம் நம்முடையது. நிலம் இல்லை, அரசாங்க உத்தியோகத்துக்கு வழி குறுகல். வகுப்பில் நம்முன் அமர்ந்திருந்த பிள்ளைகளுள் பலர் உயர்தரத்தைத் தாண்டாமலே வெளியேறினர். அவர்களுள் சிலருக்கு லயத்துக்கு வெளியே கிடைத்த முதற்படி, உதிரிப்பாகக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையே. ஐந்தாறு ஆண்டில் தொழில் கற்று, முதலாளியிடம் கடனுக்குச் சரக்கு வாங்கி, தனக்கென ஒரு சிறு கடை திறந்தவன் உண்டு. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் சப்ரகமுவையின் நகரங்களிலே தமிழர் கடைகள் எரிந்தன. தோட்டத்து லயங்களும் தாக்கப்பட்டன. அந்தச் சாம்பலின்மேல் மறுபடி எழுந்தவை இச்சிறு கடைகள். இன்று அவற்றின் மேசையோரம் சிங்கள, முஸ்லிம், தமிழ் வண்டிக்காரர் தோளோடு தோள் நின்று, ஒரே பேரிங்கைப் பற்றி மூவகைத் தமிழிலும் சிங்களத்திலும் வாதாடுகின்றனர். கடைக்காரர்களும் மூவினத்தவரே, நேர்விற்பனையின் பாதிப்பும் மூவருக்கும் ஒன்றே. இத்தகைய இடம் ஒன்று மூடப்படும்போது இழப்பு ஒரு வியாபாரிக்கு மட்டுமா?

எனினும் இரக்கம் விலையாக முடியாது. கடைக்காரனைக் காப்பாற்றும் பாரத்தை வண்டிக்காரன் ஒருவன் தலையிலேயே வைப்பது அநீதி என்ற எதிர்வாதம் இன்னும் நம்முன் நிற்கிறது. அதற்கு விடை காண ஒரு வேறுபாட்டை நாம் உணர வேண்டும். இடைநின்றவனின் இலாபம் வேறு. அவன் ஆற்றும் தொண்டு வேறு. இலாபத்தைக் காப்பதற்குச் சமுதாயம் கடமைப்பட்டதன்று. தொண்டு தேவையாயின், அதற்குரிய கூலியை அத்தொண்டால் பயன்பெறுவோர் அனைவரும் பகிர்ந்து தருதல் வேண்டும். அதனால் மிகப்பெரும் பயன் பெறுபவன் உற்பத்தியாளனே. தான் விற்ற வண்டி பத்தாண்டு ஓடும் என்ற நற்பெயரை மலைமூலைகளில் காத்துக்கொடுத்தவன் கடைக்காரன் அன்றோ?

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பார்க்கு, நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் சிறு தேயிலைத் தோட்டக்காரர் தம் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கின்றனர்; நடுவே கொழுந்து சேகரிப்போர் உள்ளனர். பச்சைக் கொழுந்தின் விலையைத் தொழிற்சாலையின் மனம்போல விட்டுவிடவில்லை. தேயிலை விற்றுக் கிடைக்கும் பணத்தில் 68 பங்கு கொழுந்து தந்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்று ஒரு சூத்திரம் வகுக்கப்பட்டது. அதில் குறைகள் இருக்கலாம். எடைக்கழிவென்ற பெயரில் அநீதிகள் நடக்கலாம். ஆயினும் ஓர் உண்மையை அது நிலைநாட்டுகிறது: பங்கு என்பது மழையும் வெயிலும்போல இயற்கை தந்ததன்று, மனிதர் கூடிப் பேசித் தீர்மானிக்கக் கூடியது. கொழுந்துக்கு அது கூடுமாயின், உதிரிப்பாகத்துக்கு மட்டும் ஏன் கூடாது?

ஆகவே நாம் வேண்டுவன சில. உற்பத்தியாளன் நேரே விற்கட்டும். ஆனால் தன் கடையில் விற்கும் சில்லறை விலைக்கும் கடைக்காரனுக்குக் கொடுக்கும் விலைக்கும் இடையில் நியாயமான இடைவெளி விடட்டும். நேரே விற்ற பாகத்தைப் பூட்டிக் கொடுக்கும், மாற்றிக் கொடுக்கும் ஊர்க்கடைக்கு அதற்குரிய கூலியைத் தானே செலுத்தட்டும். வண்டியின் வகை மாறும்போது விற்காமல் தேங்கும் பழைய சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். கடைக்காரனுக்கும் கடமை உண்டு. போலியை அசல் என்று விற்பதை விடுக, பற்றுச்சீட்டு எழுதுக, இலாபத்தை மறைக்காது சொல்லுக. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடவந்த பட்டினப்பாலை, அவர்கள் நடுவுநிலை பிறழாதவர், பிறர் பொருளையும் தம் பொருளைப்போல் எண்ணியவர், கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் செய்யாதவர் என்றே புகழ்கிறது. இடையில் நிற்பவனுக்கு நடுவுநிலைதான் நிற்பதற்குரிய உரிமையைத் தருகிறது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடைக்காரரும் வண்டிக்காரரும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்ப்பதை விடுத்துக் கூட்டுறவாகச் சேர்வது நலம். 1844இல் ரொச்டேல் நகரத்து நெசவாளர் தொடங்கிய வழி அது. இலங்கையில் யுத்தகாலத்துப் பங்கீட்டின்போது கூட்டுறவுக் கடைகள் ஊரெங்கும் பரவின. 1957இல் பிலிப் குணவர்தன அமைச்சராயிருந்தபோது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. ருவன்வெல்லையும் யட்டியாந்தோட்டையும் என். எம். பெரேராவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மண். கூட்டாக நிற்பதன் வலிமையை இம்மண் அறியாததன்று. பத்துக் கடைகள் சேர்ந்து ஒன்றாகக் கொள்முதல் செய்தால், முச்சக்கரவண்டிச் சங்கங்களும் அதில் பங்காளிகளானால், மொத்த விலையும் குறையும். கடன் கொப்பியும் மூடப்படாது. அப்போது இடைநின்றவன் என்பவன் தனி மனிதன் அல்லன். வாங்குவோரும் விற்போரும் சேர்ந்து அமர்த்திக்கொண்ட தம் பணியாளன்.

இவையெல்லாம் நாளையே நடந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. அதுவரை வண்டிக்காரன் கைபேசியைத் திறந்து பார்க்கத்தான் செய்வான்; குறைந்த விலையை நாடத்தான் செய்வான். அவனைக் குற்றஞ்சாட்ட நமக்கு வாயில்லை. ஆனால் அவனிடம் ஒன்று கேட்கலாம். கடைக்காரனிடம் பாகத்தின் பெயரைக் கேட்டறிந்த அன்றைக்கேனும், அந்தப் பாகத்தை அவனிடமே வாங்குவாயா? அறிவுக்குக் கூலி கொடுப்பது தருமமன்று, அது கடன். கடனின் கொடுமையைத் துண்டுச் சீட்டில் கண்ட மக்கள், கடனைத் தீர்ப்பதன் கண்ணியத்தையும் அறிந்தவர்களாகவே இருத்தல் வேண்டும்.